குடிக்காதவன் ஈரல்

786
கோட்டைமேடு, கோயம்புத்தூர்
4.3.1996

அன்புத் தங்கை சித்திகாவுக்கு அண்ணன் அப்துல் குத்தூஸ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அண்ணி பல்கீஸும், தாரிக்கும் ரம்ஷாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நாக்பூரில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் சுகம்தானே? மச்சானின் மண்டிக்கு உடுமலைத் தேங்காய் லோடு தடங்கலில்லாமல் வருகிறதா?

நோன்பு முடிந்ததிலிருந்து எனக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். வலி என்று சொல்ல முடியாது. ஈரத்துணியை மடித்து உள்ளே வைத்த மாதிரி இருக்கிறது. கணபதியில் இருக்கும் பட்டறையில் ஒரே சமயத்தில் மூன்று பஸ்ஸுக்கு சீட் தைக்கும் வேலை வந்துவிட்டது. நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருப்பதால் வருகிறது என்று விட்டுவிட்டேன். பல்கீஸ்தான் கேட்கவில்லை, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். வேறொன்றும் இல்லை. நீ கவலைப்படாதே.

ஒன்று கேட்க வேண்டும். அத்தாவுக்கு முதன்முதலில் என்ன தொந்தரவு வந்தது? காலா, வயிறா? நான் அப்போது பட்டறையே கதியென்று கிடந்தேன். வீட்டில் இருந்தவள் நீதான். சும்மாதான் கேட்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் துஆ. வஸ்ஸலாம்.
குத்தூஸ்


நாக்பூர்
13.3.1996

அன்புள்ள அண்ணனுக்கு சித்திகா எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய முன்னைவிட அதிக ஆவலாக இருக்கிறேன்.

சும்மா கேட்கிற கேள்வியா அண்ணா இது? அத்தா மவுத்தாகி இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. அவருடைய கடைசி நாட்களைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை. கால்தான் முதலில் வீங்கியது. அப்புறம் வயிறு குடம் மாதிரி ஆனது. கண் மஞ்சளானது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "மஞ்சக் காமாலைங்க" என்று சொன்னார். நாமும் அதையே சொன்னோம். சாராயக் கடையிலிருந்து அவரை நீங்கள் தோளில் போட்டுத் தூக்கி வந்தபோதெல்லாம் கதவைத் திறந்துவிட்டவள் நான். அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது நீங்கள் ஈரல் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் வேறென்ன சொன்னார்? உங்கள் தொழிலில் லாரிக்காரர்கள், பஸ்காரர்கள் என்று பலபேர் சகவாசம் இருக்கும். நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். எஸ்.டி.டி.யில் பேசலாமென்றால், பூத்தில் நிற்கிற எல்லோருடைய காதும் நம் பக்கம்தான் இருக்கும்.

அண்ணிக்கு ஸலாம். அவர் என்ன சொல்கிறார்?
சித்திகா


கோயம்புத்தூர்
21.3.1996

அன்புத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "எத்தனை வருசமாக் குடிக்கறீங்க?"

"அந்தப் பழக்கமே கிடையாதுங்க டாக்டர்."

"எங்கிட்ட மறைச்சு என்னங்க ஆவப்போவுது? நீங்க மறைச்சாலும் ஈரல் காட்டிக்குடுத்துருமல்லங்க?"

பக்கத்தில் பல்கீஸ் உட்கார்ந்திருந்தாள். அவர் மருந்து எழுதி முடிக்கும்வரை சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, தலையிலிருந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் கேட்டாள்: "பட்டறையில இருந்து வர்றப்ப எதுக்குங்க தெனமும் ஏலக்கா மென்னுட்டு வர்றீங்க?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பேக்கரியில் ஏலக்காய் டீ குடிக்கிறேன், அதன் வாசம். ஒருநாளைக்குப் பத்து டீ. பதினாறு வருஷமாக இதே டீ, இதே வாசம். அவளுக்கு இப்போதுதான் அது மூக்கில் ஏறியிருக்கிறது. குர்ஆன் மேல் கை வைக்கவா என்றேன். "அதெல்லாம் வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நம்பியதால் வேண்டாம் என்றாளா, நான் பொய்ச்சத்தியம் செய்து பாவத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம் என்று சொன்னாளா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சித்திகா, நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை. அத்தாவைத் தூக்கிச் சுமந்தவன் எப்படித் தொடுவான்? நிச்சயதார்த்தத்தின்போது அம்மா பெண் வீட்டாரிடம் மஞ்சள் காமாலை என்றுதான் சொல்லியிருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும். இந்தச் சமயத்தில் அந்தப் பேச்சு மட்டும் அவள் காதில் விழுந்துவிடக் கூடாது.

துஆ செய்.
குத்தூஸ்


நாக்பூர்
11.4.1996

அன்புள்ள அண்ணனுக்கு, வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை.

இந்த வருஷம் வெயில் அதிகம். இரண்டு மண்பானை வாங்கினேன். ஒன்றை நானே காலி செய்துவிடுகிறேன். அவ்வளவு தாகம். மச்சானுக்கு லோடு சரியாக வருகிறது.

நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணி எப்படி இருக்கிறார்? உங்களிடம் ஏதாவது கேட்டாரா?

வேறு விசேஷமில்லை.
சித்திகா


கோயம்புத்தூர்
5.5.1996

அன்புத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். பல்கீஸும் பிள்ளைகளும் உடுமலைப்பேட்டையில் அவள் அம்மா வீட்டில் சுகம். பரீட்சை முடிந்த அன்றைக்கே லீவுக்குக் கிளம்பிவிட்டார்கள். பக்ரீதுக்கும் அங்கேயே இருந்துகொண்டார்கள். நான் போய்த் தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவள் இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மாத லீவுக்கு எதற்கு இரண்டு பெட்டி என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் உட்கார முடியவில்லை. கண்ணாடியில் நாக்கைப் பார்க்கிறேன். கண்ணின் வெள்ளையை இழுத்துப் பார்க்கிறேன். உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலையேதுமில்லாமல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், காசு போடும் மெஷினில் ஏறி எடை பார்த்தேன். அறுபத்துநாலு கிலோ. என் உயரத்துக்குச் சரியான எடைதான். கையும் காலும் எப்போதும் போலக் குச்சியாகத்தான் இருக்கின்றன. பிறகு ஈரலில் எங்கிருந்து கொழுப்பு வந்தது? மெஷினை விட்டு இறங்கி மறுபடி ஏறினேன். பின்னால் நின்றவர், "ஏனுங்க, எத்தன வாட்டி ஏறுனாலும் அதேதான் காட்டும்ங்க" என்றார்.

உன் கடிதம் ஏன் அவ்வளவு சுருக்கமாக இருந்தது? சண்டை ஏதுமில்லையே?
குத்தூஸ்


கோயம்புத்தூர்
17.6.1996

அன்புத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்ற கவலையோடு இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. பிள்ளைகள் வரவில்லை. அங்கேயே சேர்க்கலாம் என்று பேச்சு நடக்கிறதாம். இனி லீவு என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சென்ற மாதம் உடுமலையில் ஒரு நிக்காஹ். பல்கீஸின் அண்ணன் என்னைக் கட்டித் தழுவினார். தழுவும்போது என் வாய்ப் பக்கமாக முகத்தைக் கொண்டுவந்து மோப்பம் பிடித்தார், சித்திகா. நாலு பேர் பார்க்க. கை கழுவுகிற இடத்தில் வைத்துக் கேட்டுவிட்டேன்: "என்னங்க மச்சான் மோந்து பாக்கறீங்க?"

"உங்க அத்தா எப்படி மவுத்தானாருன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருந்தீங்களாக்கும்?" என்றார்.

அம்மாவுக்குப் பிறகு நம் வீட்டு ரகசியம் உனக்கும் எனக்கும் அத்தாவின் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். உன்மேல் எனக்குச் சந்தேகமில்லை. மறுநாளே பெருந்துறைக்கு பஸ் ஏறினேன். சின்னத்தா அமீர் ஹம்சா வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். எழுபது வயது மனிதர் என்றும் பார்க்காமல், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். "நான் யார்கிட்டயும் சொல்லல கண்ணு" என்று அவர் மூன்று முறை சொன்னார். நான் காதில் வாங்காமல் வந்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். பக்கத்து லேத் பட்டறை கருப்புசாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே டாக்டர் சொல்றதுதான் வேதமாங்க? எங்கம்மாவுக்குப் பாக்கற டாக்டரம்மாகிட்ட ஒருக்கா போய்ட்டு வாங்க" என்றார். டாக்டர் அம்புஜம். வயதானவர். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். இல்லை என்றேன்.

"சரிங்க" என்றார்.

அவ்வளவுதான். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நம்பறீங்களாம்மா?" என்றேன். "நீங்கதான சொல்றீங்க, இல்லைன்னு" என்றார். பட்டறையில் ரெக்சினை அறுக்கும்போது கத்தி விரலில் இறங்கினாலும் கண்ணில் தண்ணீர் வராதவன் நான். அன்று அந்த அம்மாவின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு சட்டையைத் தூக்கச் சொல்லி, துணி டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தார். நாற்பது இஞ்ச். எனக்குத் தொழில்புத்தி போகவில்லை. "டேப்பு இழுபட்டுப்போச்சுங்கம்மா, அரை இஞ்ச் கொறச்சுக் காட்டுது" என்றேன். "அப்ப நாப்பதரைன்னு எழுதிக்கறனுங்க" என்று எழுதிக்கொண்டார். எடை சரியாக இருக்கிறதே என்று கேட்டேன். "எடைக்கு மெஷின் இருக்குது. இந்தக் கொழுப்புக்கு டேப்தாங்க. நம்ம ஆளுங்களுக்குக் கை கால்ல ஒண்ணும் சேராது. எல்லாம் வயித்துக்குள்ள போய் உக்காந்துக்கும். அங்கிருந்து ஈரலுக்கு ஏறும். குடிக்காதவங்களுக்கும் இது வரும்ங்க. நெறையப் பேரைப் பாத்துட்டேன்" என்றார்.

வெறும் வயிற்றில் வரச் சொல்லி, குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முதலில் 112. பிறகு 174. சர்க்கரை வியாதி இல்லையாம். ஆனால் நல்லபடியாகவும் இல்லையாம். "ஈரல்ல கொழுப்பு ஏறிட்டா அது இன்சுலின் பேச்சைக் கேக்காதுங்க. சக்கரையை ரத்தத்துல உட்டுட்டே இருக்கும். இப்படியே உட்டா அஞ்சாறு வருசத்துல உங்களுக்குச் சக்கரை வியாதி வர்றதுக்கு நெறைய வாய்ப்பிருக்குது. இப்பப் புடிச்சா நிறுத்தலாம்" என்றார். மாத்திரை எழுதவில்லை. பத்து டீயை இரண்டாக்கி, அதிலும் சர்க்கரையை விடச் சொன்னார். டீயில் நனைத்துத் தின்கிற வர்க்கி கூடாது. ராத்திரிப் பரோட்டா கூடாது. சோறு பாதி. தினமும் நடை. வயிறு மூன்று இஞ்சாவது இறங்க வேண்டும்.

கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில், "உங்க அப்பாவுக்குச் சக்கரை இருந்துச்சுங்களா?" என்றார். தெரியாது என்றேன். நம் அத்தாவுக்கு என்னென்ன இருந்தது என்று நமக்கு உண்மையிலேயே தெரியாது சித்திகா. ஒன்றைத்தான் பார்த்தோம், அதையும் மூடிவிட்டோம்.

உடனே பதில் போடு.
குத்தூஸ்


நாக்பூர்
28.6.1996

அண்ணா,

ஸலாம் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. அஸ்ஸலாமு அலைக்கும்.

சின்னத்தாவை ஏன் திட்டினீர்கள்? அவர் சொல்லவில்லை. அண்ணிக்கு எழுதியது நான்தான்.

மார்ச் கடைசியில், உங்கள் கடிதம் வந்த மூன்றாம் நாள் எழுதினேன். அத்தா குடித்து ஈரல் கெட்டுத்தான் மவுத்தானார், அண்ணனுக்கும் அதே ஈரல் என்கிறார்கள், எங்கள் அம்மா மாதிரி மூடி மறைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள், ஆரம்பத்திலேயே பிடித்து நிறுத்துங்கள் என்று எழுதினேன். நல்லதுக்கு என்றுதான் நினைத்தேன். நீங்கள் "ஒரு சொட்டும் தொட்டதில்லை" என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் அதை எழுதினேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தாவும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். "ஒரு சொட்டும் தொடல அம்மணி" என்பார், கதவைப் பிடித்துக்கொண்டு. உங்கள் எழுத்தில் எனக்கு அவர் குரல் கேட்டது. உங்கள் குரல் கேட்கவில்லை.

பெட்டி எடுத்துக்கொண்டு போனார் என்று படித்ததும் என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. பதில் எழுத உட்கார்வேன். ஸலாமோடு நின்றுவிடும். சின்னத்தாவுக்கு விழுந்த திட்டு எனக்கு விழ வேண்டியது.

டாக்டரம்மா கேட்டதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். நீங்கள் முதல் கடிதத்தில் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். கால் வீங்குவதற்கு ஒரு வருஷம் முன்பே, கொல்லைப்புறத்தில் அத்தா சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும். அம்மா தினமும் காலையில் சாம்பலைக் கொட்டுவார். நான் ஏனென்று கேட்டதற்கு, "வாயை மூடிட்டுத் தண்ணி ஊத்து" என்றார். சாராயத்தில் வெல்லம் இருக்கும், அதனால் எறும்பு வருகிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பதிமூன்று வயது எனக்கு.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் பதில் எழுதுங்கள்.
சித்திகா


நாக்பூர்
30.7.1996

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு மாதமாகிறது. தினமும் தபால்காரர் சைக்கிள் சத்தத்துக்கு எழுந்து போகிறேன். திட்டியாவது எழுதுங்கள். அண்ணி வந்துவிட்டாரா? நடக்கிறீர்களா? மழையில் செருப்பு கடித்து என் காலில் ஒரு சின்னப் புண், அது ஆறாமல் படுத்துகிறது. வேறு ஒன்றுமில்லை.

ஒரு வரி போதும்.
சித்திகா


கோயம்புத்தூர்
21.8.1996

அன்பு நாத்தனார் சித்திகாவுக்கு பல்கீஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

உங்கள் அண்ணன் எழுதமாட்டேன் என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் கோயம்புத்தூரிலிருந்து வருவதைப் பார்த்தே நானும் பிள்ளைகளும் வந்துவிட்டோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஜூலை முதல் வாரம் அவர் உடுமலைக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலிலேயே, என் அண்ணனும் அம்மாவும் கேட்க, சொன்னார்: "எங்கத்தா குடிச்சுத்தான் மவுத்தானாரு. நான்தான் தூக்கிட்டு வந்து போடுவேன். உன்னைய நிக்காஹ் பண்றப்ப அதைச் சொல்லாம உட்டது தப்புத்தான். ஆனா நான் குடிக்கறதில்ல பல்கீஸ். டாக்டரம்மா உன்னையப் பாக்கணும்னாங்க. வந்தா வா." சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்துவிட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பதினாறு வருஷத்தில் அந்த மனுஷர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

ஒரு வாரம் பொறுத்து நான் மட்டும் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். வீட்டில் என்ன சமையல், டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கேட்டுக்கொண்டே போனார். குடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே, "அப்ப இவரு குடிக்கலைங்களாம்மா?" என்றேன். "ஈரலை வெச்சு அதைச் சொல்ல முடியாதுங்க அம்மணி. கூட இருக்கறவங்க நீங்கதான் சொல்லணும். பதினாறு வருசத்துல ஒருநாளாச்சும் பாத்தீங்களா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஒருநாள்கூட இல்லை. ஒரே ஒரு ஸ்கேன் காகிதத்தையும் உங்கள் கடிதத்தையும் பார்த்துவிட்டு, என் கண்ணால் பார்த்த பதினாறு வருஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கிளம்பும்போது என் இடுப்பையும் அளந்தார். அந்தக் கணக்கைக் கேட்காதீர்கள். இப்போது எனக்கும் சர்க்கரை இல்லாத டீதான்.

நீங்கள் எழுதியதில் பொய்யில்லை. எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அவரைக் கேட்காமல் என்னிடம் சொன்னீர்கள், நானும் அவரைக் கேட்காமல் பெட்டி கட்டினேன். நம் இரண்டு பேர் மீதும் பழி இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அவர் பட்டறையில் தையல் மெஷினின் டிராயரில் வைத்திருக்கிறாராம். எடுத்து எடுத்துப் படிக்கிறாராம். கருப்புசாமி அண்ணன்தான் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள்.
பல்கீஸ்


கோயம்புத்தூர்
24.9.1996

அன்புத் தங்கை சித்திகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. பல்கீஸ் சந்தேகப்பட்டதைத் தாங்கிக்கொண்டேன். டாக்டர் கேட்டதைத் தாங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் என்னோடு இருந்தவள் நீ ஒருத்திதான். நீயே நம்பவில்லை என்பதுதான் இறங்கமாட்டேன் என்கிறது. அது இறங்க இன்னும் நாளாகும். இறங்கும்.

ஆனால் ஒன்று. உடுமலையில் அந்த வாசலில் நின்று அத்தாவைப் பற்றி வாய் திறந்து சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தபோது என் தோள் லேசாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சின்னத்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ பேசுனது போவட்டும் கண்ணு. உக்காரு, டீ குடிப்ப" என்றார். "சக்கரை போடாம குடுக்கச் சொல்லுங்க" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். பதினோரு வருஷமாக அவருக்குச் சர்க்கரையாம்! "ஏனுங்க யாருக்கும் சொல்லல?" என்றேன். "யாரும் கேக்கல. சொன்னா, அண்ணனாட்டம் இவனுக்கும் என்னமோ கோளாறுன்னு பேசுவாங்க. நம்மூட்டு வழக்கம்தான உனக்குத் தெரியுமே" என்றார். எறும்பைப் பற்றிக் கேட்டேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது. அத்தாவின் குடியை மறைத்தபோது அதோடு சேர்த்து இதையும் மறைத்துவிட்டோம். குடி அவரோடு போனது. இது நம்மிடம் இருக்கிறது.

தினமும் கோட்டைமேட்டிலிருந்து கணபதி வரை நடந்தே போகிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. முதல் மாதம் காந்திபுரம் தாண்டும்போது பேக்கரி வாசத்துக்குக் கால் தானாகத் திரும்பும். இப்போது தாண்டிவிடுகிறேன், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். போன வாரம் மறுபடி பரிசோதித்தார்கள். வயிறு முப்பத்தெட்டு. இந்த முறை என் டேப்பையே கொண்டுபோனேன். குளுக்கோஸ் குடித்த பிறகு 148. நூற்று நாற்பதுக்குக் கீழே வர வேண்டுமாம். "பாதி தூரம் வந்துட்டீங்க. நின்னுடாதீங்க" என்றார். விலாவில் அந்தக் கனம் சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. பயமும் அப்படித்தான்.

இப்போது உன் விஷயம். உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். ஏப்ரலில் ஒரு பானைத் தண்ணீர் உனக்கே போதவில்லை. ஜூலையில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. இரண்டையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "தங்கச்சியை ஒடனே ரத்தம் பாக்கச் சொல்லுங்க. இன்னைக்கே எழுதுங்க" என்றார். அதனால்தான் கோபம் தீரும்வரை காத்திராமல் எழுதுகிறேன்.

நான் உன்னைக் கேட்கிறேன் அம்மணி. உனக்கு உடம்புக்கு என்ன? என்ன சொன்னாலும் நான் நம்புவேன்.
குத்தூஸ்


நாக்பூர்
7.10.1996

அன்புள்ள அண்ணனுக்கு, வ அலைக்கும் ஸலாம். மச்சானும் பிள்ளைகளும் நலம். நான் நலமா என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இதை லேபில் பெஞ்சில் உட்கார்ந்து, இன்லண்ட் லெட்டரை மடிமேல் வைத்து எழுதுகிறேன். கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தரம் ரத்தம் எடுத்தார்கள். குளுக்கோஸ் குடித்தேன், குமட்டியது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தரம் எடுத்துவிட்டார்கள். முடிவு பன்னிரண்டு மணிக்கு. இப்போது பதினொன்று இருபது. மச்சான் வெளியே போவதும் வருவதுமாக இருக்கிறார்.

கேட்டீர்கள், சொல்கிறேன். ஒன்றரை வருஷமாகத் தாகம். ராத்திரியில் நாலு முறை எழுந்திருக்கிறேன். நோன்பு பிடிக்க முடியாமல் இந்த வருஷம் ஏழு நாள் விட்டுவிட்டேன். மச்சானுக்கும் அது தெரியாது. ஜாக்கெட்டெல்லாம் கையில் தொளதொளவென்று ஆகிவிட்டது, வயிற்றுப் பக்கம் மட்டும் இறுக்குகிறது. இது என்னவென்று எனக்குப் புரியாமல் இல்லை. நம் வீட்டில் எறும்பைப் பார்த்தவள் நான்தானே. போன வருஷமே பக்கத்து வீட்டு அக்கா பரிசோதிக்கச் சொன்னார். வெயில்தான் காரணம் என்று அவரிடம் சொன்னேன். பிறகு உங்களுக்கும் அதையே எழுதினேன். உங்களை நம்பாமல் அண்ணிக்கு எழுதிய அதே வாரம், என்னைப் பற்றி எல்லோரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்பைப் பற்றி இப்போது கேட்கவில்லை. உங்களுக்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் எடுத்துக்கொள்ளுங்கள். 148 என்று படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். நடையை விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கடிதத்தை இப்போதே ஒட்டிவிடப் போகிறேன். முடிவு தெரிந்தபின் எழுதினால் ஏதாவது ஒரு வரியை மாற்றி எழுதத் தோன்றிவிடும். எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை இன்னும் வரவில்லை.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம்.
சித்திகா

(ஒட்டிய இன்லண்டின் வெளிப்பக்கத்தில், அனுப்புநர் முகவரிக்குக் கீழே:)

அண்ணா, வந்துவிட்டது. வெறும் வயிற்றில் 186, பிறகு 291. எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. வெளியில்தான் எழுதுகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இன்றைக்கே டாக்டரிடம் போகிறோம், கால் புண்ணையும் காட்டுகிறேன்.